லாக் புத்தகத்தில் ரப்பர் கிடையாது

கப்பலின் எஞ்சின் அறையில், எஞ்சினின் அளவுகளைக் குறித்துவைக்கும் லாக் புத்தகம் எழுத உட்காருகிறவருக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுவார்கள்: எழுதியதை அழிக்காதே. எண்ணெய் அழுத்தத்தைத் தப்பாகக் குறித்துவிட்டால், அந்த எண்ணின் மேல் ஒற்றைக் கோடு இழுத்து, பக்கத்தில் சரியான எண்ணை எழுதி, இனிஷியல் போட வேண்டும். கோட்டுக்கு அடியில் பழைய எண் படிக்கிற மாதிரியே இருக்க வேண்டும். நாளைக்கு எஞ்சினில் கோளாறு வந்து யாராவது புத்தகத்தைப் புரட்டினால், அந்தத் தப்பும் ஒரு தடயம்.

வருஷக்கணக்கில் இப்படி எழுதிய கை ஓய்வு பெற்றபிறகும் மாறுவதில்லை. எஞ்சின் அறையிலிருந்து கரைக்கு வந்து, மோட்டார் சைக்கிளே கதி என்று கிடந்த ஒருவர் காலமானால், அவருடைய ஷெட்டில் பெரும்பாலும் ஒரு நோட்டு கிடைக்கும். கிரீஸ் விரல்ரேகை படிந்த அட்டை. உள்ளே தேதி, கிலோமீட்டர், செய்த வேலை, ஊற்றிய எண்ணெய் எத்தனை மில்லி. ஒரு பக்கத்தில், ஸ்பார்க்குக்காக மின்சாரத்தை வெட்டுகிற முனைகளைப் பற்றி ‘பாயிண்ட் இடைவெளி 0.45’ என்று எழுதி, கோடு இழுத்து, ‘0.35’ என்று திருத்தி, ஓரமாக இனிஷியல். பென்சில் எழுத்துதான், அழித்திருக்கலாம். அழிக்கவில்லை. தன்னைத் தவிர யாரும் பார்க்கப்போகாத நோட்டில் இனிஷியல் போட்ட மனிதரை அந்த ஒரு வரியிலிருந்தே ஓரளவு தெரிந்துகொள்ளலாம்.

இப்படிப்பட்டவரின் நினைவாக வீட்டார் வழக்கமாகச் செய்வது இரண்டு. மெடல்களுக்குச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவது. வண்டியைப் பட்டறைக்கு அனுப்பிப் ‘புதுசு மாதிரி’ ஆக்குவது. முதலாவதில் ஒரு குற்றமும் இல்லை. இரண்டாவதுதான் வம்பு. பெயின்ட் உரித்து, குரோம் ஏற்றி, போல்ட்டையெல்லாம் மாற்றி வருகிற வண்டி கண்ணாடி மாதிரி மின்னும். ஆனால் அதில் அவர் இருக்க மாட்டார். ரப்பர் போட்டுத் தேய்த்த பக்கம் அது. வண்டி ஓடவும் வேண்டும், அவர் கைபட்டது அதில் நிற்கவும் வேண்டும் என்றால் இரண்டும் முடியும். எடுத்தேன் கவிழ்த்தேன் என்று இறங்காமல் இருந்தால் போதும்.

முதல் வேலை, எதையும் தொடாமல் இருப்பது. தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவதெல்லாம் அப்புறம். வண்டி நிற்கிற நிலையிலேயே நான்கு பக்கமும் போட்டோ எடுங்கள். பிறகு கிட்டப்போய் கேபிள்கள் எந்த வழியாகப் போகின்றன, எந்த ஒயர் எதன் அடியில் நுழைகிறது, பெட்ரோல் குழாயில் எந்த மாதிரி கிளிப் என்று ஒவ்வொன்றாக எடுங்கள். கம்பெனி காட்டிய வழியில் விடாமல் அவர் கேபிளை வேறு வழியில் கொண்டுபோயிருந்தால் அதற்குக் காரணம் இருக்கும். ஹேண்டிலை முழுசாகத் திருப்பும்போது கேபிள் இழுபட்டு ஆக்சிலேட்டர் தானாக ஏறுவது பழைய வண்டிகளில் பார்க்கிற கோளாறு, அதற்கு அவர் கண்டுபிடித்த வழியாக அது இருக்கலாம்.

அடுத்து, டேங்கிலிருந்து வரும் பெட்ரோலைத் திறந்து மூடும் காக் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைப் பாருங்கள். இந்த இரண்டும் ஒரு கடிதம் மாதிரி.

நீண்ட நாள் ஓடாது என்று தெரிந்து நிறுத்தப்படுகிற எஞ்சினைப் பதப்படுத்தி வைப்பது கப்பலில் ஒரு தனி வேலை. தண்ணீரை வடி, எரிபொருளை வடி, உள்ளே எண்ணெய்ப் படலம் பூசு, திறப்புகளை மூடு, என்ன செய்தாய் என்று ஒரு சீட்டு எழுதித் தொங்கவிடு. ஷெட்டில் நிற்கிற வண்டியில் கிண்ணம் காலியாக, பிளக் துவாரத்தில் எண்ணெய் விடப்பட்டு, சைலன்சர் வாயில் எண்ணெய்த் துணி அடைக்கப்பட்டு, சக்கரங்கள் தரையைத் தொடாமல் ஸ்டாண்டிலும் கட்டையிலும் நின்றால், அவர் தெரிந்தே விடைபெற்றிருக்கிறார். இனி கொஞ்ச காலத்துக்கு வர முடியாது என்று கணக்குப் போட்டு, அடுத்து வருகிறவருக்கு எஞ்சினை ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கிறார். காக் மட்டும் மூடியிருந்து கிண்ணத்தில் பெட்ரோல் காய்ந்து கிடந்தால், அடுத்த வாரம் வருவதாக இருந்தார் என்று அர்த்தம்.

முதல் வகை என்றால் உங்களுக்கு வேலை குறைவு. இரண்டாவது என்றால் கீழே உள்ள எல்லாமே தேவைப்படும்.

கழற்றத் தொடங்குவதற்கு முன் இன்னும் இரண்டு மூன்று விஷயங்களைத் தேடிப்பாருங்கள். எண்ணெய் வடிக்கும் போல்ட், பிரேக் காலிப்பர் போல்ட், பின்சக்கரத்தில் செயின் ஓடும் ஸ்ப்ராக்கெட்டின் போல்ட் இவற்றின் தலையில் சின்னத் துளை போட்டு, இரண்டு இழையாக முறுக்கிய கம்பி கட்டியிருக்கிறதா? கடற்படை விமானப் பிரிவில் வேலை பார்த்தவர் என்றால் பெரும்பாலும் இருக்கும். லாக் ஒயர் என்பார்கள். போல்ட் கழன்றுவர முயன்றால் கம்பி அதை இறுக்குகிற திசையில் இழுத்துப்பிடிக்கும், அப்படித்தான் கட்ட வேண்டும். 0.8 மி.மீ. ஸ்டெயின்லெஸ் கம்பி, ஒவ்வொரு 2.5 செ.மீ.க்கும் ஆறு முதல் எட்டு முறுக்கு, கடைசி நுனியை உள்பக்கமாக மடக்கிவிட வேண்டும், கையைக் கிழிக்காமல் இருக்க. ஒருமுறை வெட்டிய கம்பியை மறுபடி கட்டக் கூடாது. அதனால் வண்டியில் இருக்கும் ஒவ்வொரு கம்பியும் அவர் கடைசியாக அந்த இடத்தைத் தொட்ட நாளில் கட்டியது. வெட்ட வேண்டி வந்தால் வெட்டுங்கள், ஆனால் வெட்டியதைச் சீட்டெழுதி ஒரு கவரில் போட்டு வையுங்கள். புதுக் கம்பியை அதே திசையில் முறுக்கக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல மாதிரி கிடைக்காது.

நட்டின் மேலிருந்து பக்கத்து உலோகம் வரைக்கும் ஒரே கீற்றாகப் பெயின்ட் கோடு இருந்தால் அது அடையாளக் கோடு. சரியான அளவுக்கு இறுக்கியபின் போடுவது. கோடு உடைந்து இரண்டு துண்டும் விலகி நின்றால் நட் அசைந்திருக்கிறது. அதைத் தேய்த்து அழகுபடுத்திவிட்டால் அவர் விட்டுப்போன எச்சரிக்கை போச்சு.

சுவரில் ஸ்பேனர்களின் வடிவத்தை வரைந்து ஆணியடித்த பலகை இருந்தால், எந்த ஸ்பேனர் காணோம் என்று ஒரே பார்வையில் தெரியும். அதற்காகத்தான் அந்தப் பலகை. விமானம் தாங்கிக் கப்பல்களில், பறப்பதற்கு முன் மாலுமிகள் தளத்தின் குறுக்கே தோளோடு தோள் வரிசையாக நின்று மெதுவாக நடந்து, கீழே கிடக்கிற ஒவ்வொரு வாஷரையும் கம்பித் துண்டையும் பொறுக்குவார்கள். ஒரே ஒரு நட் ஜெட் எஞ்சினுக்குள் போனால் எஞ்சின் போய்விடும். அந்த வேலை செய்தவர் ஷெட்டில் தரையில் ஒரு ஸ்க்ரூ கிடந்தாலும் தூக்கம் வந்திருக்காது. நீங்களும் வேலை தொடங்கும் முன் கருவிகளை எண்ணுங்கள், முடித்தபின் எண்ணுங்கள். கார்புரேட்டரைக் கழற்றியதும் இன்டேக் துவாரத்தில் துணி அடைத்தால், அந்தத் துணியும் கணக்கில் சேர வேண்டும்.

இனி எஞ்சின். ஆர்வத்தில் எல்லோரும் செய்கிற தவறு, போனவுடன் கிக்கரில் ஏறி மிதிப்பது. வருஷக்கணக்கில் நின்ற எஞ்சினில் பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரோடு துருவில் ஒட்டியிருக்கலாம். உடல் எடை முழுவதையும் கிக்கரில் போட்டால் முதலில் உடைவது கிக்கர் கியரின் பல், அடுத்தது ரிங். அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது.

பிளக்கைக் கழற்றுங்கள். கழற்றும் முன் அதன் குழியில் உள்ள மண்ணை ஊதி எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அத்தனையும் சிலிண்டருக்குள் விழும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் 10 முதல் 15 மில்லி மெல்லிய எண்ணெய், அதாவது இரண்டு மூன்று டீஸ்பூன். ஒரு நாள் விடுங்கள். மறுநாள் டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் லேசாக ஆட்டுங்கள். சுற்றினால் நல்லது. சுற்றாவிட்டால் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெயும் அசிட்டோனும் சரிபாதி கலந்து விடுவது பழைய பட்டறை வைத்தியம். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், பெயின்ட்டையும் தின்றுவிடும், இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு விடுங்கள். தினமும் கொஞ்சம் விட்டு, ஆட்டி, விட்டு, ஆட்டி. ஒரு வாரமானாலும் சரி. அதற்கும் அசையாவிட்டால் ஹெட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும். பிஸ்டன் தலையில் சுத்தியலும் மரக்கட்டையும் வைத்து அடிக்கிறவர்கள் உண்டு. அடிக்கு முன் கனெக்டிங் ராடு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று பார்க்காமல் அடித்தால் ராடும் பேரிங்கும் சேர்ந்து போகும்.

எண்ணெய் தனி டேங்கில் இருந்து பம்ப் வழியாக வருகிற பழைய பிரிட்டிஷ் வண்டி என்றால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். நின்ற காலத்தில் டேங்க் எண்ணெய் பம்பைத் தாண்டிக் கசிந்து எஞ்சினின் அடிக்கூடான கிராங்க் கேசில் தேங்கிவிடும். டேங்கில் எண்ணெய் குறைவாக இருக்கிறதே என்று மேலே ஊற்றி ஸ்டார்ட் செய்தால், அடியில் தேங்கியது எல்லாச் சீல் வழியாகவும் பீறிட்டு வரும், சைலன்சரில் புகை மண்டும். முதலில் கிராங்க் கேசின் அடிப் போல்ட்டைக் கழற்றி வடித்துவிட வேண்டும்.

பெட்ரோல் கதை தனி. சில மாதத்திலேயே பெட்ரோலின் லேசான பகுதி ஆவியாகி, மிச்சம் வார்னிஷ் வாடை அடிக்கும் பிசினாகிவிடும். எத்தனால் கலந்ததாக இருந்தால் காற்றின் ஈரத்தை இழுத்து, ஒரு கட்டத்தில் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும், டேங்க் அங்கேதான் துருப்பிடிக்கத் தொடங்கும். கார்புரேட்டரில் முதலில் அடைவது, எஞ்சின் மெதுவாக ஓடும்போது பெட்ரோல் விடும் பைலட் ஜெட். அதன் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. வண்டி சோக் போட்டால் மட்டும் ஓடுகிறது, சோக்கை எடுத்ததும் அணைகிறது என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு இடம் இதுதான். ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். நடுவில் வட்டமாக, சுத்தமான ஒரு ஒளிப்புள்ளி தெரிய வேண்டும். பிறை மாதிரித் தெரிந்தால் பாதி அடைப்பு. ஊசியையோ எஃகுக் கம்பியையோ விட்டுக் குடையாதீர்கள், பித்தளை மிருதுவானது, துளை பெரிதாகிவிடும். கார்புரேட்டர் கிளீனரில் ஊறவிட்டு, மெல்லிய செம்பு ஒயரின் ஒற்றை இழையை விட்டு எடுத்து, காற்றடியுங்கள்.

டேங்கின் உள்ளே துரு இருந்தால் சிட்ரிக் அமிலம் போதும். லிட்டர் வெந்நீருக்கு 50 முதல் 100 கிராம். காக்கைக் கழற்றித் துவாரத்தை அடைத்து, கழுத்துவரை நிரப்பி, ஒரு ராத்திரி. துரு கனமாக இருந்தால் 24 மணி நேரம். வடித்ததும் சமையல் சோடா கரைத்த தண்ணீரால் ஒருமுறை, நல்ல தண்ணீரால் ஒருமுறை அலசி, உடனே சூடான காற்றால் உலர்த்துங்கள். இந்த ‘உடனே’ முக்கியம். சுத்தமான இரும்பு ஈரமாக நின்றால் ஒரு மணி நேரத்துக்குள் மஞ்சள் பூத்துவிடும். உலர்ந்ததும் எண்ணெய் கலந்த பெட்ரோலைக் கொஞ்சம் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். கழுவும்போது அமிலத் தண்ணீர் மூடி வழியாக வழிந்து டேங்கின் பெயின்ட்டில் படாமல் பாருங்கள். தொடையும் முழங்காலும் உரசி அவர் தேய்த்த இரண்டு மங்கலான வட்டங்கள் அங்கேதான் இருக்கின்றன.

சிலர் டேங்குக்குள் நட்டுகளைப் போட்டுக் குலுக்குவார்கள். போடுவதாக இருந்தால் எத்தனை போட்டீர்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். மின்சாரம் விட்டுத் துரு எடுக்கிற முறையும் நல்லதுதான், ஆனால் அதற்கு ஸ்டெயின்லெஸ் துண்டை எதிர்முனையாக வைக்காதீர்கள். குரோமியம் கரைந்து நச்சுத் தண்ணீராகிவிடும். சாதா இரும்புக் கம்பி போதும்.

மின்சாரப் பக்கத்தில் நீட்டி முழக்க ஒன்றுமில்லை. பாயிண்ட் முனைகள் நின்ற காலத்தில் கறுத்துவிடும். ஸ்பார்க் வராததற்குப் பாதி நேரம் அதுதான் காரணம். வெள்ளைத் தாளின் ஒரு கீற்றை நடுவில் வைத்து இழுங்கள், தாளில் கறுப்பு வருவது நிற்கும் வரைக்கும். இடைவெளி பெரும்பாலான பழைய வண்டிகளுக்கு 0.30 முதல் 0.40 மி.மீ. அவர் நோட்டில் என்ன எழுதியிருக்கிறாரோ அதை முதலில் நம்புங்கள். பாயிண்ட் முனை மறுபடி மறுபடி கருகி, எஞ்சின் சூடானதும் அடித்து அடித்து ஓடினால் கண்டென்சரை மாற்றுங்கள். 12 வோல்ட் பேட்டரி முழுச் சார்ஜில் 12.6 காட்ட வேண்டும், சார்ஜ் போட்டு எடுத்து ஒரு நாளிலேயே 12க்குக் கீழே இறங்கினால் அதற்கு மருந்தில்லை.

கடல்காரர்களின் வண்டியில் உப்புக்கு எதிரான ஏற்பாடு நிச்சயம் ஏதாவது இருக்கும். அலுமினியக் கேசில் ஸ்டெயின்லெஸ் போல்ட்டை வெறுமனே முடுக்கினால், இடையில் உப்பு ஈரம் சேர்ந்ததும் பேட்டரி மாதிரி வேலை செய்யத் தொடங்கும். அரிக்கப்படுவது அலுமினியம்தான். வெள்ளைப் பொடி கக்கி மரை இறுகிவிடும். இதைத் தெரிந்தவர் மரையில், அது இறுகிப்போகாமல் காக்கும் ஆன்டி சீஸ் பசை தடவியிருப்பார், சாம்பல் நிறத்திலோ வெள்ளி நிறத்திலோ ஒட்டிக்கொண்டிருக்கும். நீங்களும் தடவுங்கள், ஆனால் பசை தடவிய மரைக்கு அதே இறுக்கம் கொடுத்தால் போல்ட் அளவுக்கு மீறி இழுபடும். உலர்ந்த மரைக்கான இறுக்கும் அளவை, அதாவது டார்க்கை, கொஞ்சம் குறைக்க வேண்டும். அலுமினிய மரை ஒருமுறை உரிந்தால் பிறகு உள்ளே புது மரைச் சுருள், அதாவது இன்ஸெர்ட், போட்டுத்தான் காப்பாற்ற முடியும்.

இறுகிய போல்ட்டுக்குச் சூடு நல்ல வழி. அலுமினியம் இரும்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். போல்ட்டைச் சுற்றிய கேசை, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் சுருசுருவென்று கொதிக்கிற அளவுக்குச் சூடாக்கித் திருப்பினால் பெரும்பாலும் வழிக்கு வந்துவிடும். ஜப்பான் வண்டிகளின் கூட்டல்குறித் தலை ஸ்க்ரூக்களுக்குச் சாதாரண ஸ்க்ரூடிரைவர் சேராது. அந்த நாட்டுத் தரத்துக்கான முனை வேறு, இது நழுவித் தலையைத் தின்றுவிடும். முன்னால் வேலை பார்த்தவர் விஷயம் தெரிந்தவரா என்று அறிய ஸ்க்ரூ தலைகளைப் பார்த்தாலே போதும்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கப்பலின் அடிப்பாகத்தில் துத்தநாகக் கட்டி பொருத்துவார்கள், இரும்பு அரிபடாமல் அது தன்னையே கொடுத்துக் கரையும். அதே நம்பிக்கையில் பைக்கின் ஃபிரேமிலும் ஒரு துத்தநாகத் துண்டை முடுக்கிவைக்கிற ஆர்வக்காரர்கள் உண்டு. கப்பல் தண்ணீரில் மிதக்கிறது, பைக் காற்றில் நிற்கிறது. முழுக முழுகத் தண்ணீர் இல்லாத இடத்தில் அந்தத் துண்டால் பைசா பிரயோஜனமில்லை. அப்படி ஒன்று கண்ணில் பட்டால் சிரித்துவிட்டு அங்கேயே விட்டுவிடுங்கள்.

நோட்டை எழுதியவர் ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. பிரிட்டிஷ் கடற்படையின் பெண்கள் பிரிவான ரென்ஸ் 1917இல் தொடங்கி, 1919இல் கலைக்கப்பட்டு, 1939இல் மறுபடி உயிர்பெற்றபோது, தபால் ஏந்திச் செல்லும் மோட்டார் சைக்கிள் ஓட்டிகளாகவும் பெண்களை எடுத்தார்கள். 1940இல் ஜெர்மானியர் படையெடுத்து வந்தால் வழி தெரியக் கூடாது என்று அங்கே சாலையோரக் கைகாட்டிகளைப் பிடுங்கிவிட்டார்கள். இருட்டடிப்பு வேறு. ஹெட்லைட்டுக்கு முகமூடி போட்டு ஒரு கீற்று வெளிச்சத்தில், ஊர்ப்பெயர் தெரியாத சாலைகளில் குண்டுவீச்சுக்கு நடுவே கடற்படைத் தபாலைக் கொண்டுபோனவர்கள் அவர்கள். அந்தக் காலத்து ராணுவ வண்டி என்றால் பிஎஸ்ஏ எம்20 மாதிரி, 496 சி.சி., பக்கவாட்டு வால்வு, ஒற்றை சிலிண்டர். வேகம் கிடையாது. ஆனால் வழியில் நின்றால் சாலையோரத்திலேயே கழற்றிப் பூட்டலாம். ஒரு பாட்டி மேனுவலைப் பார்க்காமல் மேக்னட்டோ பாயிண்டைச் சரிசெய்வார் என்றால் அதற்குப் பின்னால் இப்படி ஒரு கதை இருக்கக்கூடும்.

இனி ஒரு கறாரான விஷயம். நினைவுச் சின்னம் என்று சொல்லிக் காப்பாற்றக் கூடாதவை சில உண்டு. டயர், டியூப், பிரேக் ஹோஸ், பிரேக் ஷூ, பெட்ரோல் குழாய், கிளட்ச் கேபிள். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. மூன்றே இலக்கம் என்றால் 2000க்கு முந்தையது. பட்டன் ஆழமாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். ரப்பர் கல்லாகிவிட்டால் ஈரச் சாலையில் அது சோப்புக்கட்டி. டாட் 3, டாட் 4 பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும், அதை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். நின்ற வண்டியில் சந்தேகமே வேண்டாம், மாற்றுங்கள். டிரம் பிரேக்கில் ஷூவின் லைனிங் பசைவிட்டுப் பெயர்ந்து, ஓடும்போது சக்கரத்தை இறுக்கிவிடுவதுண்டு. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். மாற்றிய பழையதையெல்லாம் சீட்டெழுதிப் பெட்டியில் போட்டு வையுங்கள், மேலே கோடு இழுத்த எண் மாதிரி.

ஸ்டார்ட் செய்கிற நாள். புது எண்ணெய் ஊற்றுங்கள். பிளக் வெளியே இருக்கட்டும், அதன் உடம்பு ஹெட்டில் படும்படி வைத்துக்கொள்ளுங்கள். எலக்ட்ரானிக் இக்னிஷன் என்றால் இது கட்டாயம், பிளக் எர்த் ஆகாமல் சுற்றினால் யூனிட் எரிந்துபோகலாம். கிக்கரை முப்பது தடவை சீராக மிதியுங்கள். தனி எண்ணெய் டேங்க் வண்டியில் மூடியைத் திறந்து பார்த்தால், திரும்பி வரும் குழாயில் எண்ணெய் துப்பத் தொடங்கியிருக்கும். அது வராமல் எஞ்சினை ஓடவிடாதீர்கள். பிறகு பிளக்கை மாட்டுங்கள். டேங்குக்குப் பதில் கால் லிட்டர் பெட்ரோல் பிடிக்கும் சின்ன பாட்டிலை உயரத்தில் தொங்கவிட்டுக் குழாயை மாட்டினால், டேங்கில் மிச்சமிருக்கும் துரு சுத்தம் செய்த ஜெட்டை மறுபடி அடைக்காது. தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில். வண்டி திறந்த வெளியில், மூடிய ஷெட்டில் வேண்டவே வேண்டாம்.

பெரிய சிங்கிள் சிலிண்டர் என்றால் கிக்கரை மெதுவாக அழுத்திக் கம்ப்ரஷன் தட்டுகிற இடத்தைக் கண்டுபிடியுங்கள். சிலிண்டரின் அழுத்தத்தை வெளியேற்றும் டிகம்ப்ரஷன் லீவரை இழுத்துக்கொண்டு பிஸ்டனைக் கொஞ்சம் தாண்டவிட்டு, கிக்கரை மேலே கொண்டுவந்து, பிறகு ஒரே முழு மிதி. ஹேண்டிலில் இக்னிஷன் லீவர் இருந்தால் ஸ்பார்க் தாமதமாக வரும் பக்கத்துக்கு முன்னதாகவே தள்ளி வையுங்கள். மறந்தால் கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் பத்து நாள் வீங்கும். எஞ்சின் பிடித்ததும் சிலிண்டரில் விட்ட எண்ணெய் எரிந்து வெள்ளைப் புகை கக்கும், பயப்படாதீர்கள், சில நிமிஷத்தில் தணியும். நீலமாகப் புகை நின்றுகொண்டே இருந்தால்தான் ரிங்கைச் சந்தேகப்பட வேண்டும். முதல் எண்ணெயை ஐம்பது நூறு கிலோமீட்டரிலேயே வடித்துவிடுங்கள், நின்ற காலத்துச் சேறு அதில் கரைந்து வந்திருக்கும்.

நினைவு நாளில் நண்பர்கள் வண்டிகளோடு ஊர்வலம் போவதாக இருந்தால், அவருடைய பழைய வண்டியை நடை வேகத்தில் இழுத்தடிக்காதீர்கள். காற்றால் குளிரும் எஞ்சின் அது, காற்று வேண்டும். நடை வேகத்தில் பத்து நிமிஷம் பாதிக் கிளட்ச்சில் ஓட்டினால் கிளட்ச் பிளேட் சூடாகி ஒட்டும், பிளக் கரியாகும், கடைசியில் எல்லோர் முன்னாலும் நின்றுபோகும். மணிக்கு 30, 40 கி.மீ.யில் குறைந்த தூரம் போனால் போதும். முன்கூட்டியே ஒருமுறை ஓட்டிச் சூடேற்றி வையுங்கள். எல்லோரும் மௌனமாக நிற்கும்போது நாற்பது தடவை கிக்கர் மிதிப்பதைப் போன்ற சங்கடம் வேறில்லை. வரிசை ஒன்றுவிட்டு ஒன்றாக இரண்டு தடத்தில் போகட்டும். பக்கத்துத் தடத்தில் முன்னால் போகிறவரிடமிருந்து ஒரு விநாடி, தன் தடத்தில் நேர் முன்னால் போகிறவரிடமிருந்து இரண்டு விநாடி இடைவெளி. முதல் வண்டிக்குப் பக்கத்தில் ஓர் இடத்தைக் காலியாக விட்டுக்கொண்டு போவது வழக்கம். அது அவருடைய இடம். பழக்கமில்லாத ஓட்டிகள் அந்தக் காலியிடத்தை நிரப்ப வந்துவிடுவார்கள், கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள்.

கடற்படையில் பணிநேரம் நான்கு மணி நேரமாகப் பிரிந்திருக்கும், வாட்ச் என்பார்கள். அரை மணிக்கு ஒரு மணியோசை கூடிக்கொண்டே போய், எட்டு அடித்தால் வாட்ச் முடிந்தது. மாலை 4 முதல் 8 வரை உள்ளதை மட்டும் இரண்டு இரண்டு மணியாக உடைத்திருப்பார்கள், ஒரே ஆளுக்குத் தினமும் ஒரே நேரம் வராமல் இருக்க. இறந்த மாலுமிக்காக எட்டு மணி அடிப்பது இதிலிருந்துதான் வந்தது. அடிக்கிறவருக்கு ஒரு குறிப்பு: எட்டையும் ஒரே சீராக அடிக்கக் கூடாது. இரண்டிரண்டாக, நான்கு ஜோடி. ஜோடிக்குள் ஒட்டி, ஜோடிக்கும் ஜோடிக்கும் நடுவில் மூச்சுவிடும் இடைவெளி. எஞ்சின்கள் எல்லாம் அணைந்தபிறகு அடியுங்கள். சூடான சைலன்சர்கள் ஆறும்போது டிக் டிக் என்று போடும் சத்தம் அப்போது கேட்கும்.

நோட்டைப் பத்திரப்படுத்துவதில் சாமர்த்தியம் ஒன்றும் வேண்டாம். எண்ணெய்க் கறையைச் சுத்தம் செய்ய முயன்றால் பென்சில் எழுத்தும் சேர்ந்து போகும். பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்துக்கொண்டு, ஒட்டிக்கொள்ளும் பக்கங்களுக்கு நடுவே அமிலமில்லாத வெள்ளைத் தாளைச் செருகுங்கள். பிளாஸ்டிக் உறையில் இறுக்கி மூடாதீர்கள், ஈரம் உள்ளேயே நின்றுவிடும். அலமாரிக்குள் வைத்துப் பூட்டவும் வேண்டாம். வாட்ச் மாற்றும்போது வருகிறவர் செய்வது என்ன? முந்தையவர் எழுதியதைப் படித்து, எஞ்சினை ஒரு சுற்று பார்த்துவிட்டு, அதே பக்கத்தில் அடுத்த வரியை எழுதுவார். நீங்களும் புதுப் பக்கம் திருப்பாமல் அவருடைய கடைசி வரிக்கு அடுத்த வரியில் எழுதுங்கள்: தேதி, கிலோமீட்டர், கார்புரேட்டர் சுத்தம், எண்ணெய் மாற்றம் எத்தனை மில்லி, டயர் இரண்டும் புதுசு, பாயிண்ட் 0.35. ஓரத்தில் இனிஷியல்.